பார் உரிமம் யார் கையில்? புதுச்சேரி, கடலூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். இந்தப் பக்கம் புதுச்சேரி கலால் சட்டம் 1970, அந்தப் பக்கம் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937. சாலை ஒன்றே, பேச்சு ஒன்றே, மேசைகள்தான் வேறு. உணவகத்தோடு பார் வைக்க நினைப்பவர்களும், தெருவில் பார் வருவதை எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றே: சரியான மனுவைத் தவறான மேசையில் கொடுப்பது. எந்தக் காகிதம் எந்த மேசைக்கு என்பதை வைத்தே கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறோம்.

பார் உரிமத்தை நகராட்சி மன்றம்தானே தருகிறது?

இல்லை. புதுச்சேரியிலும் இல்லை, கடலூரிலும் இல்லை. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 8ஆம் இனம் மதுபானம். அதைத் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது, விற்பது எல்லாம் மாநில அரசின் அதிகாரம். புதுச்சேரி யூனியன் பிரதேசமாக இருந்தாலும் சட்டமன்றம் இருப்பதால் அங்கேயும் இந்த விஷயத்தில் உள்ளூர்ச் சட்டமே நடக்கிறது. புதுச்சேரியில் கலால் துறை, கடலூரில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையும் டாஸ்மாக்கும். நகராட்சியோ, மாநகராட்சியோ, புதுச்சேரியின் ஊரக உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்தோ மது உரிமத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்படியானால் உள்ளாட்சியிடம் இருப்பதுதான் என்ன?

நிறைய இருக்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை. மது உரிமம் கிடைத்துவிட்டாலும் அந்தக் கட்டடத்தில் சமையலறை நடத்த, மேசை போட, ஆளைக் கூட்டத் தனியாகத் தொழில் உரிமம் வேண்டும். அதைத் தருவது உள்ளாட்சி. கட்டட வரைபடத்தில் இல்லாத தகர ஷெட், நடைபாதையில் நிற்கும் ஜெனரேட்டர், வாசலை விழுங்கிய படிக்கட்டு, பொது இடத்துக்கு நீண்ட பெயர்ப்பலகை, தெருமுனையில் கொட்டும் எச்சில் இலை, இதெல்லாம் உள்ளாட்சியின் கையில்.

ஒரு எடுத்துக்காட்டு. மேல்மாடியில் உணவகத்தோடு பார். வரைபடத்தில் அந்த மாடி 'மொட்டை மாடி' என்றுதான் இருக்கிறது. மேலே தகரக் கூரை, பக்கவாட்டில் மூங்கில் தட்டி, இறங்க ஒரே ஒரு குறுகிய படி. கலால் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தளத்துக்குக் கட்டட அனுமதியும் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றும் இல்லை என்றால், பாரை நிறுத்த மதுச் சட்டத்தைத் தொடவே வேண்டாம். எதிர்ப்பவர்களுக்கு இது வலுவான பிடி. நடத்துபவர்களுக்கு இது முதலில் சரிசெய்ய வேண்டிய ஓட்டை.

புதுச்சேரியில் ஒரு சிக்கல் உண்டு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் நகராட்சியிடம் இல்லை, பொதுப்பணித் துறையின் பொது சுகாதாரக் கோட்டத்திடம். சமையலறை எண்ணெய் அடைத்துச் சாக்கடை தெருவில் வழிந்தால் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது வீண். கடலூரில் அதே புகார் மாநகராட்சிக்கே போகும்.

புதுச்சேரியில் கவுன்சிலரே இல்லையே, மன்றத் தீர்மானம் எங்கிருந்து வரும்?

வராது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அமையவில்லை. புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி, அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் எல்லாவற்றையும் ஆணையர்களே நடத்துகிறார்கள். ஆகவே 'மன்றத்தில் தீர்மானம் போடுங்கள்' என்று மனு எழுதினால் அது யார் மேசையிலும் உட்காராது. ஆணையருக்கு எழுதுங்கள். தொழில் உரிமம், கட்டட மீறல், ஆக்கிரமிப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கடலூரில் நிலைமை வேறு. 2021இல் மாநகராட்சியாக்கி, 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. அங்கே கவுன்சிலர் மூலம் மன்றத்தில் பேச வைக்கலாம். ஆனால் மன்றத் தீர்மானம் அரசுக்கும் ஆட்சியருக்கும் போகும் பரிந்துரைதான். கடையை மூடும் உத்தரவு அல்ல.

புதுச்சேரியில் எஃப்.எல்.1, எஃப்.எல்.2 என்கிறார்களே, உணவகத்துக்கு எது?

எஃப்.எல். என்பது 'ஃபாரின் லிக்கர்' என்பதன் சுருக்கம், உரிம வகையின் பெயர். எஃப்.எல்.1 மொத்த விற்பனை. எஃப்.எல்.2 சில்லறை, ஊரில் 'ஒயின்ஸ்' என்று சொல்லும் கடை, கூடவே உட்கார்ந்து குடிக்கும் பார். உணவகம், ஓட்டல், 'ரெஸ்டோ பார்' எல்லாம் எஃப்.எல்.2இன் சுற்றுலாப் பிரிவில் வருபவை. சில்லறை உரிமக்காரர் சரக்கை உள்ளூர் மொத்த விற்பனையாளரிடம்தான் எடுக்க வேண்டும். வெளி மாநிலச் சரக்கு ஒரு பாட்டில் அலமாரியில் இருந்தாலும் ஆய்வில் அது தனி வழக்கு.

சாராயக் கடை, கள்ளுக்கடை வேறு கணக்கு. அவை ஏலத்தில் போகும், ஏலம் எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்டுவார். உணவகத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடலூரில் ஒரு நல்ல உணவகம் வைத்திருக்கிறேன். பீர் மட்டும் கொடுக்க உரிமம் கிடைக்குமா?

கிடைக்காது. தமிழ்நாட்டில் தனி உணவகத்துக்கு மது உரிமம் என்ற வகையே இல்லை. உள்ள வழிகள் இவைதாம்.

எஃப்.எல்.3 நட்சத்திர ஓட்டலுக்கு. தங்கும் அறையும் தரச்சான்றும் இல்லாமல் அந்தப் படிவத்தை நிரப்பிப் பயனில்லை. எஃப்.எல்.2 கிளப்புக்கு. கவனிக்க, புதுச்சேரியின் எஃப்.எல்.2 வேறு, தமிழ்நாட்டின் எஃப்.எல்.2 வேறு. பெயர் ஒன்று என்பதால் இணையத்தில் படித்துவிட்டு ஏமாந்து வருபவர்கள் உண்டு. 'மனமகிழ் மன்றம்' என்று பலகை வைத்திருப்பவை இந்த வகை. சங்கமாகப் பதிவு செய்திருக்க வேண்டும், லாபம் தனியாள் பைக்குப் போகக் கூடாது, உறுப்பினருக்கும் அவர் அழைத்துவரும் விருந்தினருக்கும் மட்டுமே ஊற்றலாம். வாசலில் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு 'தற்காலிக உறுப்பினர்' சீட்டுக் கிழித்துக் கொடுப்பது கிளப் நடத்துவது ஆகாது. உரிமம் பறிபோக அதுவே போதும்.

டாஸ்மாக் கடையை ஒட்டிய பார் மூன்றாவது. அதை டெண்டரில் எடுப்பவர் மது விற்பதே இல்லை. தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவுமே அவருக்கு உரிமை. கடை மூடிய பிறகு பாரில் 'சைடு'ல பாட்டில் கிடைக்கிறது என்றால் அது கள்ளச்சந்தை, பார் உரிமம் அல்ல.

2023இல் எஃப்.எல்.12 என்று சிறப்பு உரிமம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சர்வதேச, தேசிய நிகழ்ச்சி, மாநாடு, விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கு. திருமண மண்டபங்களையும் முதலில் சேர்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். ஆகவே கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வரவேற்புக்கு 'ஒரு நாள் பார்' கேட்டு யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

புதுச்சேரியில் உணவகத்தோடு பார். எந்த வரிசையில் போவது?

பெரும்பாலானோர் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் உட்புற அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் செலவு, பிறகு உரிமம். சரியான வரிசை இது.

முதலில் இடம். நிலப் பயன்பாடு வணிகமா, குடியிருப்பா என்பதைப் புதுச்சேரி திட்டக் குழுமத்தில் பார்க்க வேண்டும். குடியிருப்பு என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. பிரெஞ்சுக் காலத்து வீட்டை மாற்றுகிறீர்கள் என்றால், முகப்பில் கை வைக்கும் முன் பாரம்பரியக் கட்டடங்களுக்கான கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரையை ஒட்டிய மணலில் கொட்டகை என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே நிற்கும்.

இரண்டாவது, அந்த இடத்திலிருந்து பள்ளி, கோயில், மசூதி, தேவாலயம், நெடுஞ்சாலை எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து, கையால் ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். பின்னால் வரும் ஆட்சேப மனுவில் முதல் வரி இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, வாடகை ஒப்பந்தம். அதில் 'உணவகம்' என்று மட்டும் எழுதி, மதுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்காரர் நாளை மனம் மாறும்போது கோப்பு அங்கேயே நிற்கும். மது பரிமாறச் சம்மதம் என்பதைத் தெளிவாக எழுதிப் பதிவு செய்யுங்கள். உரிமம் கிடைக்காவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற வரியும் அதிலேயே வேண்டும். கோப்பு மாதக்கணக்கில் நகரும்போது வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பலரை மூழ்கடிப்பது உரிமக் கட்டணம் அல்ல, இந்த வாடகைதான்.

அதன் பிறகு கட்டட அனுமதி, தீயணைப்புச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், நகராட்சியின் தொழில் உரிமம், சுற்றுலாத் துறையின் பரிந்துரை. இவையெல்லாம் கையில் இருந்தால் துணை ஆணையர் (கலால்) அலுவலகத்தில் விண்ணப்பம். ஆய்வுக்கு வருபவர்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். மது வைக்கும் அறை எங்கே, பரிமாறும் எல்லை எங்கே, வெளியேறும் வழி எது. வரைபடத்தில் இல்லாத ஒரு கதவு போதும், கோப்பு திரும்பிவிடும். புதிய உரிமமே தருவதா வேண்டாமா என்பது அரசின் கொள்கை முடிவு என்பதால், கோப்பு முழுதாக இருந்தாலும் உரிமம் உறுதி என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வேறொருவர் உரிமத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தலாமா?

'உரிமம் அவர் பேரு, கடை நம்ம கடை' என்ற ஏற்பாடு சகஜம். சட்டத்துக்கு உரிமக்காரர் ஒருவர்தான் தெரியும். சோதனையில் ஏதாவது சிக்கினால் வழக்கு அவர் மேல், போட்ட முதல் போவது உங்களுக்கு. உரிமம் ஆளோடும் இடத்தோடும் கட்டியது. பெயர் மாற்றம், இட மாற்றம் இரண்டுக்கும் கலால் துறையின் முன் அனுமதி வேண்டும். பங்குதாரர் ஒருவர் விலகினால்கூடத் தெரிவியுங்கள்.

பள்ளிக்கும் கோயிலுக்கும் எத்தனை மீட்டர்?

தமிழ்நாட்டு டாஸ்மாக் கடைக்கு 2003ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகளின் 8ஆவது விதி: மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இது பொருந்தும். மனு எழுதுபவர்கள் தவறவிடும் விலக்குகள் இரண்டு. நகரமைப்புத் திட்டத்தில் 'வணிகப் பகுதி', 'தொழிற்பகுதி' என்று குறித்த இடத்துக்கு இந்தத் தூரம் பொருந்தாது. கடை வந்த பிறகு வந்த கோயிலுக்கும் பள்ளிக்கும் பொருந்தாது. பார் வந்ததும் மூலையில் திடீரென்று ஒரு பிள்ளையார் முளைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வேலைக்கு ஆகாது.

புதுச்சேரிக்கு இந்த 50, 100 கிடையாது. அங்கே புதுச்சேரி கலால் விதிகள் 1970தான். கடலூர் அளவை எடுத்துப் புதுச்சேரி மனுவில் எழுதினால் முதல் பத்தியிலேயே மனு பலவீனப்பட்டுவிடும்.

அளப்பதில்தான் சண்டை வரும். கடை வாசலின் நடுவிலிருந்தா, கட்டடத்தின் மூலையிலிருந்தா? பள்ளியின் மதில் வரையா, கதவு வரையா? ஆள் நடந்துபோகும் வழியிலா, நேர்கோட்டிலா? 47 மீட்டரும் 58 மீட்டரும் ஒரே தெருவில் கிடைக்கும். அதனால் 'அருகில் பள்ளி உள்ளது' என்று எழுதாமல், நில அளவர் போட்ட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தார் என்று பாருங்கள். பள்ளிக்குப் பின்வாசல் ஒன்று இருந்து, பிள்ளைகள் அதில்தான் போய்வருகிறார்கள் என்றால் அதைப் படம் எடுத்து, தேதியோடு இணையுங்கள்.

நெடுஞ்சாலையில் 500 மீட்டர் தடை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் நினைப்பது போல அல்ல. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்றது. 2017 மார்ச் 31இல், 20,000 பேருக்கு மிகாத உள்ளாட்சிப் பகுதியில் அதை 220 மீட்டராகக் குறைத்தது. அந்த ஏப்ரலில் புதுச்சேரியில் கடைகள் கூட்டமாக மூடின. நகரத்தின் பெரிய சாலைகள் எல்லாம் நெடுஞ்சாலைகள்தாமே. 2017 ஜூலை 11இல் நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்றவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் வந்தது. 2018 பிப்ரவரி 23இல், ஊராட்சிப் பகுதி நகரம் போல வளர்ந்த இடமா என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்றது.

ஆகவே தேசிய நெடுஞ்சாலை 32இல், புதுச்சேரி நகருக்குள் இருக்கும் பாரை 500 மீட்டர் என்று சொல்லி மூட முடியாது. எல்லையை ஒட்டிய கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி பக்கம் என்றால், அந்த இடத்தை அரசு எந்த உத்தரவில் 'வளர்ந்த பகுதி' என்று விலக்கியது என்பதைக் கேட்க வேண்டும். கேள்வி அங்கேதான் இருக்கிறது.

கிராம சபையில் 'கடை வேண்டாம்' என்று தீர்மானம் போட்டால் மூடிவிடுவார்களா?

தானாக மூடாது. ஆனால் வீண் என்று சொல்வதும் தவறு. ஆட்சியர் முன்பும் உயர் நீதிமன்றத்திலும் மக்களின் எதிர்ப்புக்கு எழுத்துச் சான்று அதுதான். அது நிற்க வேண்டும் என்றால் தீர்மானம் முறையாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலை எண்ணிக்கை முக்கியம். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால் தீர்மானம் அங்கேயே சாகும். 'பூரண மதுவிலக்கு வேண்டும்' என்று எழுதுவதைவிட இப்படி எழுதுவது மேல்:

'எங்கள் ஊராட்சி, இன்ன சர்வே எண் கட்டடத்தில் உள்ள கடை எண் இன்னதன் வாசலிலிருந்து அரசு நடுநிலைப் பள்ளியின் வாசல் இத்தனை மீட்டர். பேருந்து நிறுத்தம் அதே சுவரை ஒட்டி உள்ளது. மாலை 4 மணி முதல் 6 மணி வரை மாணவிகள் அங்கே நிற்கிறார்கள். கடையை இடம் மாற்ற இச்சபை கேட்டுக்கொள்கிறது.'

கூட்டம் முடிந்த அன்றே தீர்மான நகலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடலூர் மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. வார்டு குழுவும் பகுதி சபையும்தான் வழி.

பார் சட்டப்படி சரி, ஆனால் இரவெல்லாம் பாட்டு. யாரிடம் போவது?

கலால் துறையை விடுங்கள். இது ஒலி மாசு விதிகள் 2000. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குக்குள் நடப்பதற்கு மட்டும் விலக்கு. மொட்டை மாடியும் முற்றமும் மூடிய அரங்கு ஆகாது. திருவிழா, கலைநிகழ்ச்சிக்கு இரவு 12 வரை அரசு தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். வார இறுதியெல்லாம் டி.ஜே. போட்டுவிட்டு 'பர்மிஷன் இருக்கு' என்றால் அந்த உத்தரவின் தேதியைக் கேளுங்கள்.

அளவு: குடியிருப்புப் பகுதியில் பகல் 55 டெசிபல், இரவு 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவித்த இடத்தில் 50, 40. 45 டெசிபல் என்றால் மின்விசிறி ஓடும் அறையில் மெதுவாகப் பேசுவது மாதிரி. தடதடக்கும் 'பேஸ்' ஒலி வைத்த பாட்டு அதை எளிதில் தாண்டும். குறிப்பிட்ட அளவைவிட 10 டெசிபல் கூடினால் புகார் செய்யலாம். காவல் துறையில் துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரியும் நடவடிக்கை எடுக்கலாம்.

கைபேசிச் செயலியில் எடுக்கும் அளவை யாரும் சான்றாக ஏற்கமாட்டார்கள். ஆனால் அதிகாரியை அளக்க வரவைக்க அது உதவும். உங்கள் படுக்கையறை ஜன்னலில் வைத்து, ஒரே இடத்தில், இரவு 10.15, 11, 11.45 என்று மூன்று முறை, நாலைந்து நாள் எடுங்கள். முதலில் 100க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்களின் பட்டியல்தான் பின்னால் உரிமம் புதுப்பிக்கும்போது பேசும்.

நடத்துபவர்களுக்கு: ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள். சுவரும் தளமும் சேர்ந்து அதிர்ந்துதான் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. தரையில் ரப்பர் வைத்து, உள்பக்கம் திருப்பி வையுங்கள். கதவு இரட்டைக் கதவாக, ஒன்று மூடிய பிறகே மற்றொன்று திறப்பதாக இருக்கட்டும்.

ஆட்சேப மனு எப்படி எழுதுவது? எங்கே கொடுப்பது?

ஒரே மனுவில் மது, சத்தம், சாக்கடை, பெண்கள் பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் கொட்டினால் எல்லோரும் அதை அடுத்த மேசைக்குத் தள்ளுவார்கள். பிரியுங்கள். தூரமும் உரிம நிபந்தனையும் கலால் துறைக்கு (கடலூரில் ஆட்சியருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும்). கட்டடமும் தொழில் உரிமமும் உள்ளாட்சி ஆணையருக்கு. ஒரு தளத்துக்கு ஒரே வெளியேறும் வழி என்றால் தீயணைப்புத் துறைக்கு. சத்தமும் தகராறும் காவல் நிலையத்துக்கு.

ஒவ்வொன்றும் ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டவர்கள் கதவு எண்ணையும் எழுதட்டும். 200 கையெழுத்தில் பாதி வேறு தெரு என்று தெரிந்தால் மீதிப் பாதிக்கும் மதிப்புப் போய்விடும். கடலூரில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். நேரத்தையும் கவனியுங்கள். உரிமம் கொடுத்த பிறகு எதிர்ப்பதைவிட, கட்டட வேலை நடக்கும்போதும் புதுப்பிக்கும் காலத்துக்கு முன்பும் எதிர்ப்பது பல மடங்கு எளிது.

கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியுமா?

தகவல் உரிமைச் சட்டம் 2005இல் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். 'ஏன் உரிமம் தந்தீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் அல்ல, விளக்கம். இப்படிக் கேளுங்கள்: தூரம் அளந்த வரைபட நகல், ஆய்வு அறிக்கை நகல், தீயணைப்புச் சான்றின் எண்ணும் தேதியும், இந்த முகவரியின் மீது வந்த புகார்களும் எடுத்த நடவடிக்கையும். பதில் வராவிட்டால் 30 நாளில் முதல் மேல்முறையீடு. அடுத்தது 90 நாளில் ஆணையத்துக்கு. கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு தகவல் ஆணையம். புதுச்சேரிக்காரர்களுக்கு டில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம்.

வயது, நேரம், மூடும் நாள்?

தமிழ்நாட்டில் 21 வயது, புதுச்சேரியில் 18. டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. தமிழ்நாட்டில் குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, மே நாள், திருவள்ளுவர் நாள், மகாவீர் ஜெயந்தி, மீலாது நபி, வடலூர் வள்ளலார் நினைவு நாள் ஆகியவை மது இல்லா நாட்கள். பட்டியலில் கடைசியாக உள்ள, தைப்பூசத்தன்று வரும் வள்ளலார் நாளுக்குக் கடலூர் மாவட்டத்தில் கூடுதல் கவனம் இருக்கும். தேர்தலில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் இரு பக்கமும் மூடல். பக்கத்துத் தொகுதியின் தேதி வேறாக இருந்தால் எல்லைக் கடைகளுக்குத் தனி உத்தரவு வரும், செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லில் மதுவுக்கும் ஜி.எஸ்.டி. போடுகிறார்களே?

போடக் கூடாது. மனிதர் குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே, அதற்கு மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி. சாப்பாடு, சோடா, தண்ணீருக்குத்தான் ஜி.எஸ்.டி. சாதாரண உணவகத்தில் சாப்பாடு 600 ரூபாய் என்றால் மத்திய வரி 15, மாநில வரி 15, ஆக 630. மது தனிப் பகுதியில், தனி வரியோடு. இரண்டையும் சேர்த்துக் கூட்டி மொத்தத்துக்கும் 5 சதவீதம் போட்டிருந்தால் பில் மென்பொருளில் பொருள் குறியீடு தவறாக ஏறியிருக்கிறது. தணிக்கையில் மாட்டுவது உரிமையாளர்தான்.

உரிமம் மறுத்துவிட்டார்கள். மதுத் தொழில் என் அடிப்படை உரிமை இல்லையா?

இல்லை. கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. மது வியாபாரம் அரசு தரும் சலுகை. ஆனால் தர ஆரம்பித்த பிறகு ஆளுக்கொரு நீதி கூடாது. ஆகவே 'எனக்கு உரிமை உண்டு' என்று வாதாடாமல், 'இதே நிபந்தனையில் இன்னாருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஏன் இல்லை, காரணம் எழுத்தில் எங்கே' என்று கேளுங்கள். முதலில் காரணத்தோடு கூடிய உத்தரவை எழுத்தில் வாங்குங்கள், பிறகு துறைக்குள் மேல்முறையீடு, அதன் பின் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவில் சென்னை உயர் நீதிமன்றம். இரு ஊருக்கும் அதுவே நீதிமன்றம்.

புதுச்சேரி பாரில் மிச்சம் வைத்த பாட்டிலைக் கடலூருக்கு எடுத்துவரலாமா?

வேண்டாம். புதுச்சேரி முத்திரையுள்ள பாட்டில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் தீர்வை கட்டாத சரக்கு. பில் காட்டினாலும் அது புதுச்சேரி வரிக்கான பில்தான். வழக்கு மதுவிலக்குச் சட்டத்தில் பதிவாகும், வண்டியும் போகும். இரு சக்கர வாகனத்தின் விலையையும் பாட்டிலின் விலை வித்தியாசத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.